ஒரு வயர் மாறிய ஞாயிறு

ஆண்டு எண்பத்தேழா, எண்பத்தெட்டா என்பதில் எனக்கு நெடுநாள் குழப்பம் இருந்தது. எதிர் குவார்ட்டர்ஸில் டிவி வந்துவிட்டது, எங்கள் வீட்டில் வரவில்லை. நான் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எண்பத்தேழுதான். மாதத்தில் மட்டும் ஐயமே கிடையாது, ஆடி. ஆடியில் கல்யாணம் இல்லை. கல்யாணம் இல்லாவிட்டால் மாமாவின் அம்பாசடருக்குச் சவாரி இல்லை. சவாரி இல்லாத ஞாயிறுகளில் அவர் பூந்தமல்லியிலிருந்து ஆவடிக்கு, தொழிற்சாலைக் குடியிருப்பில் இருந்த எங்கள் வீட்டுக்கு, காலையிலேயே வந்துவிடுவார்.

வந்ததும் சண்டை தொடங்கிவிடும். சண்டை அப்பாவின் வால்வு ரேடியோவுக்கும் மாமாவின் கார் ஸ்டீரியோவுக்கும். எங்கள் முன்னறையில் கால்வாசி இடத்தை அந்த ரேடியோ பிடித்துக்கொண்டிருந்தது. தேக்குப் பெட்டி, உள்ளே சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரே ஸ்பீக்கர். போட்டால் உடனே பாடாது. வால்வுகள் சூடேற வேண்டும், பிறகு முன்பக்கத்தில் பச்சைக் கண் ஒன்று மெல்லத் திறக்க வேண்டும், அப்புறம்தான் குரல் வரும். கேசட் கேட்பதற்காக அதன் பின்புறத்தில் ஒரு டேப் ரெக்கார்டரையும் அப்பா இணைத்திருந்தார். மாமாவின் வண்டியிலோ எல்லாம் புதுசு. பின் கண்ணாடிக்கு அடியில் இருந்த பலகையில் இரண்டு முட்டை வடிவ ஸ்பீக்கர்கள், முன்னால் கீச்சென்ற ட்ரெபிளையும் கனத்த பாஸையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஓர் ஈக்வலைசர், அதில் பாட்டுக்கு ஏற்பக் குதிக்கும் சிவப்பு விளக்குகள். கடைக்காரனிடம் கொடுக்காமல் எல்லாவற்றையும் தன் கையாலேயே பொருத்தியதாகச் சொல்வார்.

"மச்சான், உங்க பொட்டி சூடாவறதுக்குள்ள நான் பூந்தமல்லி போய்ட்டு வந்துருவேன். அப்பாலயும் கம்பளி போத்திகினுதான் பாடுது."

"உன்னோடது பாடுதா? பல்லு தேய்க்கிற சத்தமில்ல வருது."

"அது ட்ரெபிள் மச்சான்!"

"அதான் சொல்றேன். பல்லைத் தேய்ச்சுட்டுப் பாடச் சொல்லு."

அவர்கள் இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொண்டது இந்த ஒரு விஷயத்தைத்தான். மற்றதெல்லாம் அம்மா வழியாகப் போகும். மாமாவைத் தொழிற்சாலையில் அப்பரண்டிஸாகச் சேர்த்துவிட்டவர் அப்பா. ஆறாவது மாதம் சொல்லிக்கொள்ளாமல் நின்றுவிட்டு டாக்ஸி ஸ்டாண்டுக்குப் போனவர் மாமா. போர்மேன் முன்னால் தலைகுனிய வேண்டியிருந்ததை அப்பா மறக்கவில்லை. "உன் தம்பி எதையும் முடிக்க மாட்டான்" என்பது எங்கள் வீட்டில் பருப்பு வேகவில்லை என்பதுபோல அடிக்கடி கேட்கும் வாக்கியம்.

போட்டி என்ற யோசனையைக் கொண்டுவந்தது அம்மாதான். அவருடைய தையல் மிஷின் இடமில்லாமல் மூன்று வருஷமாக மாமாவின் வீட்டில் கிடந்தது. "ரெண்டும் பாடத்தான் பாடுது. என் மிஷினுக்கு ஒரு மூலை கெடைக்குமா கெடைக்காதா, அதைச் சொல்லுங்க" என்றார். பேச்சு வளர்ந்து பந்தயமானது. கார் ஜெயித்தால் ரேடியோ பரணுக்குப் போகும், மிஷின் வரும். ரேடியோ ஜெயித்தால் அம்மா மிஷின் பேச்சை எடுக்கக் கூடாது. மாமாவும் கம்பளிப் பேச்சை எடுக்கக் கூடாது. தீர்ப்புச் சொல்ல, பூந்தமல்லியில் கேசட் பதிந்து தரும் கடை வைத்திருந்த பாய் அடுத்த ஞாயிறு வருவார்.

அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. ரேடியோ போடும் அந்த அரைமணி நேரத்தில்தான் அப்பா என்னிடம் பேசுவார். மற்ற நேரங்களில் அவர் ஷிப்ட்டுக்குப் போவார், தூங்குவார், செய்தித்தாள் படிப்பார். ரேடியோ முன்னால் மட்டும் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, நிலையம் சரியாகப் பிடிபட்டுப் பச்சைக் கண் சுருங்கும் வரை குமிழைத் திருப்பச் சொல்வார். ஸ்பீக்கர் எப்படிப் பாடுகிறது என்று ஒருநாள் காட்டினார். டார்ச் லைட் செல்லின் இரு முனைகளையும் இரண்டு வயர்களால் தொட்டதும், ஸ்பீக்கரின் காகிதம் முன்னால் எழும்பியது. வயர்களை மாற்றித் தொட்டபோது உள்ளே போனது. "ரெண்டு ஸ்பீக்கர் வச்சா, ரெண்டும் ஒண்ணா மூச்சு விடணும். ஒண்ணு வெளிய விட்டு ஒண்ணு உள்ள இழுத்தா பாட்டு செத்துப்போயிடும்" என்றார். ஒற்றை ஸ்பீக்கர் வைத்திருந்த மனிதர் எனக்கு இரட்டை ஸ்பீக்கரின் ரகசியத்தைச் சொல்லித் தந்துவிட்டார்.

ஞாயிறு காலை மாமா வண்டியைப் பூவரச மரத்தடியில் நிறுத்தி, கால்மிதிகளை எடுத்து உதறிக் காயப்போட்டார். டிக்கியைத் திறந்து வைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போனார். நான் ஸ்டெப்னி டயர் மேல் ஏறி உள்ளே நுழைந்தேன். தலைக்கு மேலே பலகையின் அடியில் இரண்டு ஸ்பீக்கர்களின் முதுகுகளும் தெரிந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்பு வயர், ஒரு கறுப்பு வயர், முனையில் செருகும் கிளிப். இடப்பக்க ஸ்பீக்கரில் இரண்டையும் உருவி மாற்றிச் செருகினேன். கீழே இறங்கும்போது கவுனெல்லாம் டயர்க் கறுப்பு.

பத்து மணிக்குப் பாய் மொபெட்டில் வந்தார். கேசட்டைக் கேட்டே அது பிரதியா, பிரதிக்குப் பிரதியா என்று சொல்லிவிடுவார் என்று அவருடைய காதுக்குப் பெயர் இருந்தது. அன்று அம்மன் கோவிலில் கூழ் ஊற்றினார்கள். மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர்கள் அலறின. பாய் காதில் கைவைத்து, "போட்டியில மூணாவதா ஒருத்தன் கீறான் போல. அவன்தான் ஜெயிப்பான்" என்றார். கோவிலில் பாட்டு நின்று பம்பை தொடங்கும் இடைவெளிக்காக எல்லோரும் காத்திருந்தோம்.

முதலில் ரேடியோ. கண் திறந்தது, குரல் வந்தது. பாய் தலையாட்டினார். "நல்ல மனுஷன் நல்லா சாப்ட்டுப் பாடற மாதிரி கீது."

அடுத்து கார். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, மாமா ஓட்டுநர் இருக்கையிலும் பாய் பக்கத்திலும் உட்கார்ந்தார்கள். அப்பாவும் நானும் பின்னால். அதே கேசட், அதே பாட்டு. சிவப்பு விளக்குகள் குதித்தன. ஆனால் பாடகர் வண்டிக்குள் இல்லை. வெளியே எங்கோ, குழாயடியில் நின்று பாடுவதுபோல் இருந்தது. தபேலா தகர டப்பாவாகிவிட்டது.

மாமா ஈக்வலைசரின் ஒவ்வொரு குமிழையும் மேலே தள்ளினார், கீழே இழுத்தார். கழுத்தில் வியர்வை வழிந்தது. "நேத்து இப்டி இல்ல பாய். சத்தியமா நேத்து இப்டி இல்ல."

பாய் கண்ணை மூடி ஒருமுறை இடப்பக்கம், ஒருமுறை வலப்பக்கம் தலையைத் திருப்பினார். பிறகு கண்ணைத் திறந்து பின்னால் அப்பாவைப் பார்த்தார். அப்பா என் கவுனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வால்வு செட்டுதான், டவுட்டே இல்ல. ஆனா இதுல ஒண்ணு…"

"தீர்ப்பு சொல்லியாச்சு பாய். எறங்குங்க, சாப்பிடலாம்" என்றார் அப்பா.

சாப்பிடும்போது மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "அக்கா, நேத்து நல்லாதான் இருந்துச்சி" என்று அம்மாவிடம் இரண்டு தடவை சொன்னார். அம்மா தன் மிஷின் போன வருத்தத்தில், "நீ எதைத்தான் ஒழுங்கா முடிச்சே?" என்று கேட்டுவிட்டார். அப்பா வழக்கமாகச் சொல்லும் வாக்கியம் அன்று அம்மா வாயிலிருந்து வந்தது. பாய் மோர் குடித்துவிட்டுக் கிளம்பினார். மாமா முகத்தின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு முன்னறையில் படுத்துவிட்டார். ஜெயித்த ரேடியோ அவர் தலைமாட்டில் நின்றது. நினைத்தது நடந்துவிட்டது, ஆனால் நான் ரேடியோ பக்கமே போகவில்லை.

மூன்று மணி இருக்கும். அப்பா ஆணியில் தொங்கிய கார் சாவியை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்துத் தலையசைத்தார். இருவரும் டிக்கிக்குள் குனிந்தோம். அவர் கேள்வி எதுவும் கேட்கவில்லை. டார்ச் வெளிச்சத்தில் வயர்களை ஒவ்வொன்றாக, ஸ்பீக்கரிலிருந்து முன்பக்கம் போகும் வழி முழுவதும், விரலால் தொட்டுக்கொண்டே போனார். வயர் மேல் மூடியிருந்த கீழ்த்தட்டைத் தூக்கிப் பார்த்தார். முன்னால் போய் மடங்கிப் படுத்து, ஈக்வலைசரின் அடிப்பக்கத்தில் ஈயத்தை உருக்கிச் சால்டர் வைத்த இடங்களை நெடுநேரம் பார்த்தார். வரும்போது அவர் முகத்தில் இருந்தது கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. டார்ச்சிலிருந்து ஒரு செல்லை எடுத்து என்னிடம் கொடுத்தார்.

"வலது பக்கம் நான் பாத்துட்டேன். இடது பக்கம் நீ பாரு."

நான் வயர்களை உருவி, சரியாகச் செருகினேன். செல்லை வைத்துத் தொட்டதும் காகிதம் வெளியே மூச்சுவிட்டது. அவ்வளவுதான். அடிக்கவில்லை, திட்டவில்லை. அது எனக்கு அடியைவிடப் பயமாக இருந்தது.

மாமா எழுந்ததும் அப்பா, "வண்டியை எடு. ஏரிப் பக்கம் ஒரு சுத்து சுத்திட்டு வரலாம்" என்றார். அம்மாவிடம் அல்ல, நேராக மாமாவிடமே. மாமா பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

அப்பா முன்னால் ஏறினார். அம்மாவும் நானும் பின்னால். அயனம்பாக்கம் ஏரிக்கரைச் சாலை வந்ததும் அப்பாவே கேசட்டை உள்ளே தள்ளினார். மாமா தடுக்கக் கையை நீட்டினார். அதற்குள் பாட்டு வந்துவிட்டது. இந்த முறை பாடகர் எங்கள் நடுவில் உட்கார்ந்திருந்தார். தபேலா என் நெஞ்சுக்குள் விழுந்தது. அம்மா, "அட!" என்றார்.

"ஒரு வயர் மாறியிருந்துது. சரி பண்ணியாச்சு" என்றார் அப்பா.

மாமாவின் முகம் சுருங்கியது. "நான்தான் மாத்தி சொருவிட்டேனா மச்சான்?"

"நீ மாத்தல. நீ போட்டதுல தப்பே இல்ல. நான் அடியிலேர்ந்து நுனி வரைக்கும் பாத்தேன்." அப்பா ஜன்னல் வழியே ஏரியைப் பார்த்துக்கொண்டு பேசினார். "எங்க ஃபேக்டரி ஷாப்புல முப்பது பேர் இருக்கான். இவ்ளோ சுத்தமா சால்டர் வைக்கிறவன் ரெண்டு பேர்கூட இல்ல. நீதான் ஜெயிச்சே. பெட்டி நாளைக்குப் பரணுக்குப் போவுது."

இனி ரேடியோ முன்னால் அந்த அரைமணி நேரம் கிடையாது என்று எனக்கு உறைத்தது. கொஞ்ச தூரம் போனதும் மாமா வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார். இறங்கிப் போய் முன்பக்க பானெட்டைத் தூக்கி வைத்துவிட்டு அதற்குப் பின்னால் மறைந்துகொண்டார்.

என்ஜின் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். திறந்த பானெட்டைக் கண்டால் அப்பாவால் சும்மா உட்கார முடியாது. யாருடைய வண்டியாக இருந்தாலும் இறங்கிவிடுவார். அன்று அவர் இறங்கவில்லை. அம்மா தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபக்கம் பார்த்தார். ஒருவரும் பேசாததால் எனக்கு நிச்சயமாகிவிட்டது: நான் தொட்ட வயரால்தான் வண்டி நின்றுவிட்டது. கதவைத் திறந்துகொண்டு முன்னால் ஓடினேன்.

மாமா ஆயில் குச்சியை வெளியே எடுத்து, துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே பளபளவென்று இருந்தது. கண்கள் சிவந்திருந்தன, புகை ஏதும் இல்லை.

"மாமா, நான்தான் வயரை மாத்தினேன். காலையில. டிக்கிக்குள்ள போய்…"

அவர் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை. குனிந்து என் உயரத்துக்கு வந்தார்.

"பாப்பா, உங்கப்பா இன்னா சொன்னாரு இப்போ?"

"பெட்டி பரணுக்குப் போவுதுன்னு."

"அது இல்ல. அதுக்கு முன்னாடி."

"ஷாப்புல முப்பது பேர் இருக்காங்களாம். உன்ன மாதிரி சுத்தமா சால்டர் வைக்க ரெண்டு பேர்கூட இல்லையாம்."

"ரெண்டு பேர்கூட இல்லன்னாரா?"

"ஆமா."

"இன்னொரு தபா சொல்லு."

அவர் என்னைவிடப் பக்கத்தில், அப்பாவுக்கு ஒரு முழத் தூரத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டவர். அன்று காலை வரை அவருடைய காதில் எந்தக் குறையும் இருந்ததில்லை. இதை ஏன் என்னிடம் கேட்கிறார் என்று விளங்காமல், முதல் தடவை சரியாகச் சொல்லவில்லையோ என்று பயந்து, ஒரு சொல்லும் விட்டுப்போகாமல் அவருக்கு மறுபடியும் சொன்னேன்.