கடலுக்குள் போன ரிஜெக்‌ஷன் பனியன்

உங்களுக்கெல்லாம் வீட்டில் அடுப்பில் ஒன்றும் இல்லையா? போன ஞாயிறு ஆராதனை முடிந்து நான் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறேன், அதற்குள் சுற்றி நின்றுகொண்டு, கப்பல் விஷயம் என்ன, கப்பல் விஷயம் என்ன என்று ஒரே நச்சரிப்பு. அடுத்தவள் பேத்திக்கு ஆபத்து என்றதும் இவ்வளவு நீளமாகிற காது, பிரசங்க நேரத்தில் எங்கே போயிருந்தது? சரி, இன்றைக்கு ஜெபக் கூட்டத்தில் சாட்சியாகவே சொல்லிவிடுகிறேன், உட்காருங்கள். ஆண்டவர் செய்ததை மறைத்தால் பாவம் எனக்குத்தான். நடுவில் டீ போட எழுந்து போகிறவர்கள் இப்போதே போய்விடுங்கள்.

ஷைனியை உங்களுக்குத் தெரியும். என் மகள் பெற்ற பிள்ளை. மகளும் மருமகனும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது அவள் நடை பழகிக்கொண்டிருந்தாள். மங்கலம் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நின்று, பிசிறு வெட்டி அவளை வளர்த்தேன். அவளுக்கு நான், எனக்கு அவள். மூன்றாவதாக ஒருவர் இல்லை. இப்போது அவள் ஏற்றுமதி ஆபீசில் ஏசிக்குக் கீழே உட்கார்ந்து, வெளிநாட்டுக்காரனுக்கு 'சாரி, சாரி' என்று மெயில் அனுப்புகிறாள். அதற்குச் சம்பளமும் தருகிறார்கள்.

லீவு விட்டால் மற்றப் பிள்ளைகள் ஊட்டிக்குப் போவார்கள். இவள் கடலுக்கு அடியில் போகிறாள். முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு, வாயில் குழாயைக் கடித்துக்கொண்டு முங்குகிற படிப்பு ஒன்று இருக்கிறதாம். அதைப் படித்துப் பாஸாகிவிட்டாள்.

எனக்கும் கடலுக்கும் ஆகாது. நாங்கள் தூத்துக்குடிப் பக்கம். என் அண்ணன் சங்கு குளிக்கப் போனவன், திரும்பி வரவில்லை. அதனால்தான் கடல் வாடையே இல்லாத ஊராகப் பார்த்துத் திருப்பூருக்கு வந்தேன். இங்கே நொய்யல் ஆற்றில் ஓடுவது தண்ணீரா சாயமா என்று யாருக்கும் தெரியாது, ஒருத்தரும் முங்க மாட்டார்கள் என்று நிம்மதியாக இருந்தேன்.

ஈஸ்டருக்கு முன்னால் ஒரு சாயங்காலம் ஷைனி போனை என் மூக்குக்கு நேராக நீட்டினாள். ஒரு பழைய சரக்குக் கப்பல். எந்தக் காலத்திலோ மூழ்கியதாம். இரும்புத் தகடெல்லாம் மழையில் நனைந்த அப்பளம் மாதிரி தொங்குகிறது. ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் ஒரு பக்கம் இடிந்து விழுகிறதாம்.

"இன்னும் கொஞ்ச வருசத்துல ஒண்ணுமே மிஞ்சாது ஆச்சி. அதுக்குள்ள பாத்துடணும்."

இடியப் போகிற சுவரைக் கண்டால் நீங்களும் நானும் எதிர்ப்பக்கமாக நடப்போம். படித்த பிள்ளை, அதனால் கிட்டப் போகிறாள்.

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அண்ணன் முகம்தான் கண்ணில் நின்றது. முழங்கால் போட்டேன். ஆண்டவரே, இவளுக்கு லீவு கிடைக்கக் கூடாது. எகிப்து ராஜா பார்வோன் மனதையே கடினப்படுத்தினீரே, இந்த மேனேஜர் உமக்கு எம்மாத்திரம் என்று கேட்டேன். மறுநாளே அந்த மேனேஜர் லீவும் கொடுத்து, நல்லபடியாகப் போய்விட்டு வாம்மா என்றும் சொல்லி அனுப்பினார். கம்பெனியிலிருந்து அனுப்பிய பனியன் பீஸ் அப்படியே திரும்பி வருகிற மாதிரி என் ஜெபம் திரும்பி வந்தது. ஆண்டவரோடு கொஞ்ச நாள் நான் பேசவில்லை. என்னை அப்படிப் பார்க்காதீர்கள். உங்களில் எத்தனை பேர் பேசாமல் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும்.

இப்போது பனியன் விஷயம். எங்கள் கம்பெனியின் அந்த ரேடியம் பச்சைத் துணியை மறந்திருக்க மாட்டீர்கள். வெளிநாட்டில் ரோடு போடுகிறவர்களுக்கு என்று தைத்தது. கேட்ட ஷேடு ஒன்று, வந்த ஷேடு ஒன்று. இன்னும் ஒரு படி கூடுதலாகக் கண்ணைப் பறித்தது. மொத்தமும் ரிஜெக்‌ஷன். முதலாளி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டு, கடைசியில் ஆளுக்கு ஒரு கட்டு எடுத்துக்கொண்டு போங்கள் என்றார். எங்கள் தெருவில் கிழவன் முதல் கைக்குழந்தை வரை அந்தப் பச்சைதான். ஒரு நாய்க்கும் போட்டிருந்தார்கள். ஷைனி மட்டும் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

அவள் புறப்படுவதற்கு முன்னால் தன் கடல் சட்டையை வெயிலில் காயப் போட்டிருந்தாள். கன்னங்கரேல் என்று ரப்பர் சட்டை. நனைந்த எருமைக்கன்று மாதிரி இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். துருப்பிடித்த கப்பலுக்குப் பக்கத்தில், இருட்டுத் தண்ணீரில், இந்தக் கறுப்புச் சட்டையில் ஒரு பிள்ளை இருந்தால் யாருக்குத் தெரியும்? அப்போதுதான் மறுபடி வாய் திறந்தேன். ஆண்டவரே, அவளை நிறுத்த உமக்கு மனதில்லை. போகட்டும். ஆனால் அவள் மேல் வைத்த கண்ணை எடுக்காதிரும். உமக்கும் வயதாகியிருக்கும், அதனால் தப்பவே முடியாத நிறத்தில் ஒன்று போட்டு அனுப்புகிறேன் என்றேன். கேலியாகத்தான் சொன்னேன். ஆனால் அழுதுகொண்டு சொன்னேன்.

அந்தப் பச்சையில் நன்றாக இழுபடுகிற துணியாகப் பார்த்து, ரப்பர் சட்டைக்கு மேலே தோல் மாதிரி ஒட்டுகிற ஒரு மேல்சட்டை தைத்தேன். தலைக்கும் ஒரு குல்லா. ஓவர்லாக் மிஷினில் ஒவ்வொரு தையலுக்கும் 'பாரும், பாரும்' என்றுதான் ஜெபம்.

ஷைனி அதைப் பார்த்ததும் கட்டிலில் விழுந்து சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

"இதப் போட்டா நீ போலாம். இல்லன்னா வாசல்ல குறுக்க படுத்துக்கிடுவேன். தாண்டிப் போடி."

போட்டுக்கொள்கிறேன் என்றாள். நானும் கூட வருவேன் என்றேன். அது அவள் எதிர்பார்க்காதது.

ஈஸ்டர் முடிந்த வாரம் கடலுக்குப் போனோம். அவளுக்குச் சொல்லிக்கொடுத்த ஜெரால்டு என்கிற தம்பிதான் கூட்டிப்போனார். அவரும் ஷைனியும் ஜோடியாக இறங்குவார்கள், கப்பலுக்கு உள்ளே போவதில்லை, வெளியே சுற்றிப் பார்த்துவிட்டு வருவது என்று பேச்சு. அவர் என் பனியனை இழுத்துப் பார்த்தார், எங்கேயும் தொங்குகிறதா, எதிலாவது மாட்டுமா என்று. தையல் சுத்தமாக இருக்கிறது, போட்டுக்கொள் என்று சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார். இரண்டு பேரும் இறங்கினார்கள். படகில் நானும் படகோட்டியும். நீர்க்குமிழி மேலே வருவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் அந்தக் குமிழியைச் சுற்றிக் கடல் பழுப்பாகிற மாதிரி தெரிந்தது. படகோட்டி எழுந்து நின்றார். அப்புறம் ஒரு தலை மேலே வந்தது. ஒரு தலைதான். அது ஜெரால்டு.

கப்பலின் மேல்பக்கத் தகடு ஒன்று தானாகவே பெயர்ந்து சரிந்ததாம். துருவும் சேறும் கிளம்பி இவர்கள் இரண்டு பேரையும் மூடிவிட்டது. அவர் கையால் துழாவித் தேடியிருக்கிறார். கிடைக்கவில்லை. ஒருவேளை அவள் மேலே போயிருப்பாளோ என்று பார்க்க வந்தாராம்.

"அம்மா, கை நீட்டுனா கை தெரியல. இப்ப திரும்பப் போறேன்."

"அவளுக்குக் காத்து இருக்கா?"

"இருக்கு. பதறாம இருந்தா இருக்கு."

அவர் மறுபடி உள்ளே போய்விட்டார். என் அண்ணனை விழுங்கிய அதே தண்ணீர். உங்கள் முன்னால் எத்தனை சங்கீதம் மனப்பாடமாகச் சொல்லியிருக்கிறேன்? ஒன்று வரவில்லை. 'கர்த்தர்' என்று ஆரம்பித்தால் அடுத்த வார்த்தை இல்லை. கடைசியில் படகு விளிம்பைப் பிடித்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொன்னேன்.

"பாரும் ஆண்டவரே. பச்சை. ரேடியம் பச்சை. பாரும்."

இதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னேன். படகோட்டி எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே நினைத்திருப்பார்.

கீழே நடந்ததை ஜெரால்டு பிறகு சொன்னார். கலங்கல் கொஞ்சம்தான் அடங்கியிருந்ததாம். எங்கே பார்த்தாலும் துருவும் சாம்பலும். ஆழத்தில் சிவப்பு, ஆரஞ்சு எல்லாம் செத்து ஒரே நிறமாகிவிடுமாம். கறுப்புச் சட்டை இருக்கிற இடமே தெரியாதாம். அவர் அந்தச் சரிந்த தகட்டை ஒரு முறை தாண்டியே போய்விட்டார். திரும்பும்போது தகட்டுக்கு அடியில் ஒரு கீற்று, விரல் அகலம், பச்சையாக எரிகிற மாதிரி தெரிந்தது. முதலில் மீன் என்று நினைத்தாராம். மீன் அசையும், இது அசையவில்லை. கிட்டப் போனால் என் பேத்தியின் முழங்கை. சிலிண்டர் தகட்டில் சிக்கி, கவிழ்ந்து கிடந்தாள். மூச்சை மெல்ல மெல்ல விட்டுக்கொண்டு, அசையாமல் கிடந்தாள். தகட்டை நெம்பி, தன் குழாய் ஒன்றை அவள் வாயில் கொடுத்து வெளியே எடுத்தார்.

மேலே ஒரேயடியாக வரக் கூடாதாம், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரவேண்டுமாம். எனக்கு அது தெரியுமா? இரண்டு குமிழிக் கூட்டம் பக்கத்தில் பக்கத்தில் வருவதைப் படகோட்டி காட்டினார். ஒன்று, இரண்டு என்று விரலால் பிரித்துக் காட்டினார். அந்தக் காத்திருப்பு என் எதிரிக்கும் வரக் கூடாது. பிறகு தண்ணீருக்கு அடியில் ஒரு பச்சைப் புள்ளி தெரிந்தது. பெரிதாகிக்கொண்டே வந்தது. ரிஜெக்‌ஷன் குல்லா மேலே வந்தது. அதற்குள் என் பிள்ளை.

படகில் ஏறி, இருமி முடித்து, என் மடியில் தலை வைத்துக்கொண்டு முதலில் சொன்னது இதுதான்.

"ஆச்சி, கலர் நல்லாத்தான் இருக்கு."

முதுகில் இரண்டு அடி வைத்தேன். அப்புறம்தான் அழுதேன். கரையில் டாக்டர் பார்த்துவிட்டுத் தோளில் சிராய்ப்பு, வேறு ஒன்றும் இல்லை என்றார்.

பிரியமானவர்களே, நான் இவ்வளவு நாள் ஜெபம் செய்த விதம் எப்படி என்றால், சரக்கு வாங்குகிற பையர் நம் கம்பெனிக்கு சாம்பிள் அனுப்புகிற மாதிரி. இப்படித் தையும், இந்த நிறத்தில் தாரும், இந்தத் தேதிக்குள் தாரும் என்பேன். லீவைக் கெடுத்துவிடும் என்றேன். அவர் கெடுக்கவில்லை. அதனால் அவர் கேட்கவில்லை என்று கோபித்துக்கொண்டேன். கேட்டுக்கொண்டுதான் இருந்தார். என் அண்ணனுக்கு ஏன் இப்படி ஒரு கீற்றுத் தெரியவில்லை என்று என்னிடம் கேட்காதீர்கள். அதை நான் நேரில் போய்க் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் இப்போது அவருக்கு நான் சாம்பிள் அனுப்புவதில்லை. தேவையைச் சொல்கிறேன், கையில் இருக்கிற துணியைத் தைக்கிறேன், மிச்சத்தை விட்டுவிடுகிறேன். ராத்திரி நன்றாகத் தூக்கம் வருகிறது.

ஷைனி கடலை விடவில்லை. நானும் விடச் சொல்லவில்லை. இடிகிற கப்பல் பக்கம் மட்டும் போகமாட்டேன் என்று அவளாகவே சொன்னாள். முன்பெல்லாம் ஜெபக் கூட்டத்துக்கு என்னைப் பைக்கில் வாசலில் இறக்கிவிட்டுப் போய்விடுவாள். இப்போது உள்ளே வந்து உட்காருகிறாள். பின்வரிசையில்தான். திரும்பிப் பார்க்காதீர்கள், எழுந்து போய்விடுவாள். ஜெரால்டு தன்னிடம் முங்கப் படிக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் அந்தப் பச்சையில் தைத்துத் தரச் சொல்லியிருக்கிறார். இருந்த கட்டு முக்கால்வாசி தீர்ந்துவிட்டது.

ஊருக்கு வந்த அன்றைக்கே பக்கத்து வீட்டுச் சரசு வாசலில் நின்றாள். அவர்கள் இந்த ஊர்க்காரர்கள், நம் சபை இல்லை, ஆனால் நல்ல மனது. பின்னால் தெருவே நின்றது. எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். சரசு தன் வீட்டுக் கொடியில் காய்கிற பச்சைப் பனியனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்கம்மா, எங்கூட்டுப் பையன் பைக்குல ஊத்துக்குளிக்கு வேலைக்குப் போறானுங்க. லாரி வர்ற ரோடு. இன்னொண்ணு இருந்தா குடுங்க, மாத்திப் போடட்டும்."

உள்ளே போய் எடுத்துவந்து அவள் கையில் வைத்தேன். வைத்துவிட்டு, தெருவில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்:

"பனியன் தாரேன் சரசு. ஆனா போட்டு அனுப்பிட்டு நீ சும்மா இருந்துராத. துணிக்குக் கண்ணு கெடையாது. கண்ணு இருக்கவருட்ட, 'பாரும்'னு ஒரு வார்த்த சொல்லு."