கண்டஹர் போக அறுநூறு ரூபாய்

சுந்தரவல்லி மேடத்துக்கு நான் அறுநூறு ரூபாய் கடன்பட்டிருந்தேன். எண்பத்தேழாம் வருஷத்துக் கடன். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது, சாட்சி கிடையாது.

எங்கள் சங்கத்து ஆண்டு மலருக்கு என் வாழ்க்கையை எழுதித் தரச் சொன்னார்கள். என் வாழ்க்கைதான் தில்லிக்கே தெரியுமே! ஆறாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு தருமபுரியிலிருந்து டிக்கெட் இல்லாமல் ரயிலேறி வந்தவன், இன்று மூன்று கடைக்கு முதலாளி. ரத்தினவேல் மெஸ் சாம்பார் வாளி ஏறாத சர்க்கார் பவன் இந்த ஊரில் இல்லை. ஆகவே என்னைப் பற்றி வேண்டாம். மேடத்தைப் பற்றி எழுதுகிறேன். அவர் என்னைப் போலப் பேரெடுத்த ஆள் இல்லை. டைப்பிஸ்டாகச் சேர்ந்து, ஃபைல் பார்த்தே கண் மங்கி, இந்த செப்டம்பரோடு ரிட்டயர் ஆகிறவர். ஆனால் இந்த வயதில் எனக்கு நெஞ்சை அடைக்க வைத்தவர் அவர் ஒருவர்தான். அதுவும் ஒரே நாளில்.

கடன் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்போது நான் அவர் வேலை பார்க்கிற தொல்பொருள் இலாகா ஆபீஸ் வராந்தாவில் டீக் கெட்டிலோடு அலைகிறவன். லிஃப்டுக்குப் பக்கத்தில் டீக்கடை போட ஒரு மூலை கொடுப்பதாக இருந்தார்கள். சாயங்காலத்துக்குள் அறுநூறு டெபாசிட் கட்டவேண்டும். இல்லாவிட்டால் மூலை பஞ்சாபிக்காரனுக்கு. ஊரெல்லாம் கேட்டுப் பார்த்துவிட்டு லிஃப்ட் ஓரம் நின்றுகொண்டிருந்தேன். இருபத்திரண்டு வயசுப் பெண், மன்னார்குடியிலிருந்து வேலைக்கு வந்து வருஷம்கூட ஆகாதவர், கைப்பையின் உள் ஜிப்பைத் திறந்து ஆறு நோட்டை எடுத்துக் கொடுத்தார்.

"எப்ப திருப்பணும் மேடம்?"

"நான் கேக்கறச்சே குடு."

அவர் கேட்கவே இல்லை. தீபாவளிக்குத் தீபாவளி நான் கவரோடு போவேன். "நான் கேட்டேனா?" என்று சிரித்துக்கொண்டே ஒரு டம்ளர் காபியைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார். யாருக்கும் ஒரு பைசா பாக்கி வைக்காத ரத்தினவேலுக்கு இது ஒன்று மட்டும் செருப்புக்குள் கல் மாதிரி.

அவருடைய வாழ்க்கை எனக்கு அத்துப்படி. கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸ், இரண்டாவது மாடி. கணவர் ராஜாராமன் சார், ரயில்வே அக்கவுண்ட்ஸில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே பெண் ஜ்யோத்ஸ்னா, புனேயில். சர்க்கார் உத்தியோகத்தில் எல்.டி.சி. என்று ஒரு சலுகை உண்டு. லீவில் போய்வர டிக்கெட் காசு சர்க்கார் தரும். மற்றவர்கள் அதில் காஷ்மீர் போனார்கள், அந்தமான் போனார்கள். மேடம் ஒவ்வொரு தடவையும் கும்பகோணம் போனார். மாமியாருக்குக் கண் ஆபரேஷன், மச்சினர் பெண் கல்யாணம், குலதெய்வம். இருபது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், "இந்தத் தடவை எங்கே மேடம்?" என்று. "வேறெங்க?" என்பார்.

ஜூன் மாதம், நல்ல வெயில். மதியச் சாப்பாட்டுக் கூட்டத்தில் கல்லாவில் நிற்கிறேன், போன் அடிக்கிறது.

"ரத்தினம், அந்த அறுநூறு ரூபாய் இருக்கா?"

எனக்குப் புல்லரித்துவிட்டது. "அறுநூறா மேடம்? ஆறு லட்சம் கேளுங்க!"

"அவ்வளவெல்லாம் வேண்டாம். அன்னிக்கு அறுநூறு. இன்னிக்கு அதே சமாசாரத்துக்குப் பதினாலாயிரத்து அறுநூறுங்கறா. வெள்ளிக்கிழமைக்குள்ள கட்டணும், இல்லேன்னா சீட்டு போயிடும்."

"என்ன சீட்டு மேடம்?"

"மலை ஏறி கண்டஹர் போறேன். ஆத்துல..."

எக்ஸாஸ்ட் ஃபேன் இரைச்சல், பரோட்டா மாஸ்டர் கத்தல். லைன் அறுந்துவிட்டது. என் காதில் விழுந்தது கந்தஹார். ஆப்கானிஸ்தானத்துக் கந்தஹார்! விமானத்தைக் கடத்திக்கொண்டு போய் நிறுத்திவைத்தார்களே, தில்லியே டிவி முன்னால் உட்கார்ந்து கிடந்ததே, அந்த ஊர். அங்கே மலைதானே இருக்கிறது? ஐந்நூறு ரூபாய்க்குச் சில்லறை கேட்டவனுக்கு ஆயிரத்தைக் கொடுத்துவிட்டேன். யாரோ ஏஜென்ட் இந்த அம்மாவை ஏமாற்றிவிட்டான் என்றே தீர்மானித்தேன். கல்லாவில் இருந்த கட்டு ஒன்றைக் கவரில் போட்டுக்கொண்டேன்; ஏன் போட்டேன் என்று இப்போதும் தெரியவில்லை. வாசலில் என் கார் நிற்கிறது, அதைக்கூட எடுக்கத் தோன்றாமல் ஆட்டோவில் ஏறினேன். "கோல் மார்க்கெட் பையா, ஜல்தி, ஜல்தி!"

ராஜாராமன் சார் வேஷ்டியோடு ஈஸி சேரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"சார், மேடம் கந்தஹார் போறாங்க!"

டம்ளர் சாய்ந்து காபி பேப்பர் மேல் ஓடியது. "எந்தக் கந்தஹார் ஓய்?"

"எத்தனை கந்தஹார் சார் இருக்கு? ஆப்கானிஸ்தான்!"

அக்கவுண்ட்ஸ் மனிதர் அல்லவா, முதலில் வாயில் வந்த கேள்வி: "விசா யார் குடுத்தா?"

பெண்ணுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "அர்ரே பாபா, அம்மாவா?" என்று புனேயிலிருந்து ஒரு கூவல். "அம்மா கனாட் ப்ளேஸே தனியா போமாட்டா! போலீஸ்ல சொல்லுங்கோ அப்பா!"

போலீஸுக்கு என்ன சொல்வது என்று நாங்கள் இருவரும் விழித்துக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. அரைநாள் லீவு போட்டு மேடமே வந்து நிற்கிறார். முதுகில் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒரு மூட்டைப் பை. கட்டியிருப்பது காட்டன் புடவை. புடவைக்குக் கீழே, பட்டாளத்துக்காரன் போடுவது போலக் கனத்த பூட்ஸ். நான் பூட்ஸையே பார்த்தேன். சாரும் பூட்ஸையே பார்த்தார்.

"யாரு கந்தஹார் போறா? மாடிப்படி வரைக்கும் கேக்கறது," என்றார் மேடம்.

"நீங்கதானே மேடம் சொன்னீங்க!"

"கண்டஹர்னு சொன்னேன். இடிஞ்ச கோட்டைக்கு ஹிந்தில கண்டஹர்னு பேரு. இத்தனை வருஷமா தில்லில இருக்கே, ரத்தினம்!"

எனக்கு ஹிந்தி தெரியாதா? சாந்தினி சௌக்கில் பேரம் பேசி சேட்டுகளையே அழவைத்தவன். ஆனால் கடைத்தெருவில் எவன் இடிந்த கோட்டை விற்கிறான்? தவிர, ஹிந்திக்காரன் நாலு 'க' வைத்திருக்கிறான். நமக்கு ஒரே 'க'. அந்த ஒன்றை வைத்துக்கொண்டு மூன்று கடை கட்டியிருக்கிறேன். இதைச் சொன்னேன். மேடம் சிரித்தார், சாரும் சிரித்தார். போனில் பெண்ணும் சிரித்துவிட்டு வைத்துவிட்டாள்.

சார் சிரிப்பைப் பாதியில் நிறுத்தினார். "சரி வல்லி, எந்தக் கோட்டை?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருக்கு இது தெரியாது. நான் ஓடிவந்து போட்டு உடைத்திருக்கிறேன்.

மேடம் பையை இறக்கினார். உள்ளே துணி இல்லை. துவரம் பருப்பு, கடலைப் பருப்பு, உளுந்து, எல்லாம் பாக்கெட் பாக்கெட்டாக. "எட்டு கிலோ. மலைல தூக்கற கனம். லஞ்ச் டயத்துல இதோட ஆபீஸ் மாடிப்படி ஏறி இறங்கறேன். ஞாயித்துக்கிழமை கோவில்னு சொல்லிட்டு ரிட்ஜ் காட்டுல நடக்கறேன்."

"அந்த பூட்ஸு?"

"டேபிளுக்கு அடியில போட்டுப் பழக்கறேன். ஆபீஸ்ல சுகர்காராளுக்கான செருப்புன்னு நெனச்சுண்டிருக்கா. பாவம்னு ஒருத்தி வேப்பம்பூப் பொடி கொண்டுவந்து குடுத்தா."

ஹிமாசலத்தில், பதிமூவாயிரம் அடிக்கு மேல், எந்தக் காலத்திலோ ராஜா விட்டுவிட்டுப் போன கோட்டையாம். சாணக்யபுரியில் ஒரு மலையேற்றச் சங்கம் ஆகஸ்ட் கடைசியில் அழைத்துப் போகிறது. எல்.டி.சி. ரயில் டிக்கெட்டுக்குத்தான், மலைக் கட்டணம் சொந்தக் காசு. ரிட்டயர் ஆகிவிட்டால் எல்.டி.சி.யும் இல்லை, அறுபதைத் தாண்டினால் அந்தச் சங்கத்தில் சேர்ப்பதும் இல்லை. இதை விட்டால் பிறகு எதுவும் கிடையாது. வியாழக்கிழமை டாக்டர் டெஸ்ட். அது முடிந்ததும் வீட்டில் சொல்வதாக இருந்தாராம். போன் அறுந்ததும் நான் இங்கே வந்து உளறிவிடுவேன் என்று பயந்து, போட்ட பூட்ஸோடு ஓடிவந்தாராம்.

"பதிமூவாயிரம் அடியா!" சார் எழுந்தே விட்டார். "மூச்சு விடக் காத்து இருக்காதுடி! இடிஞ்சதைப் பாக்க அவ்வளவு தூரம் போகணுமா? நம்மாத்து பாத்ரூம் சுவர் இடிஞ்சுதான் இருக்கு, கம்ப்ளெய்ன்ட் குடுத்து ரெண்டு வருஷமாச்சு. அதைப் பாரு! கும்பகோணத்துல தம்பி பேரனுக்குப் பூணூல். கடைசி எல்.டி.சி. அதுக்குன்னு சொல்லியாச்சு. ஜாயின்ட் அக்கவுண்ட்லேர்ந்து ஒரு பைசா எடுக்கப்படாது."

"உங்க பைசா வேண்டாம். ரத்தினம் தருவான்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். கவர் என் கையில் இருந்தது. நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"மேடம், வீடு கட்டக் கேளுங்க, தர்றேன். பொண்ணுக்கு நகை கேளுங்க, தர்றேன். உயிரை விட்டுட்டு வர நான் காசு தரமாட்டேன்."

"அது உன் காசு இல்லையே, ரத்தினம்."

கோபமே இல்லாமல் சொன்னார். பருப்புப் பாக்கெட்டுகளைத் திரும்ப அடுக்கிக்கொண்டே பேசினார்.

"வேலைக்குச் சேர்ந்த புதுசுல எனக்கு முதல்ல குடுத்தது அந்தக் கோட்டையைப் பத்தின ரிப்போர்ட். கார்பன் வெச்சு டைப் அடிச்சேன். மதிலைப் பத்தி, கிணத்தைப் பத்தி. சமையக்கட்டுக்குக் கூரை விழுந்துபோச்சு, அடுப்புல மட்டும் கரி ஒட்டிண்டிருக்குன்னு ஒரு வரி. அன்னிலேர்ந்து அந்த அடுப்பைப் பாக்கணும்னு இருந்தது. கூரையில்லாத சமையக்கட்டு. யாரும் சாப்பாடு கேக்காத சமையக்கட்டு. உள்ள போய் ஒண்ணும் சமைக்காம நின்னுட்டு வரணும். அப்பவும் இந்தச் சங்கம்தான் அழைச்சுண்டு போச்சு. கட்டணம் அறுநூறு. கொஞ்சம் கொஞ்சமாச் சேத்து வெச்சு, அன்னிக்கு ஆபீஸ் விட்டதும் கட்டப் போறதா இருந்தேன். லிஃப்ட்கிட்ட நீ அழுதுண்டிருந்தே."

"அழல மேடம். ஸ்டவ் புகை."

"சரி, புகை. உனக்குக் குடுத்துட்டேன். அடுத்த வருஷம் போய்க்கலாம்னு நெனச்சேன். அடுத்த வருஷம் கல்யாணம்."

நான் செருப்பு ஸ்டாண்டின் மேல் உட்கார்ந்துவிட்டேன். அது உட்காரும் இடம் இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. இத்தனை வருஷம் மேடை மேடையாக நானே உழைத்து நானே வந்தேன் என்று சொன்னவன். சொன்னது பொய்யில்லை, உழைத்தது நான்தான். ஆனால் முதல் அடுப்பை ஏற்றியது ஒரு பெண்ணின் மலைக் காசு என்று யாரும் எனக்குச் சொல்லவில்லையே! அவர் கும்பகோணத்துக்கும் தில்லிக்குமாகப் போய்வந்த காலமெல்லாம் அந்தப் பணம் என் கடையில் இட்லி அவித்துக்கொண்டிருந்திருக்கிறது.

சார் காபியில் நனைந்த பேப்பரை மடித்து ஓரமாக வைத்துவிட்டு, "டாக்டர் கூடாதுன்னா?" என்றார்.

"கூடாதுன்னா போகலை. நீங்களே வந்து கேட்டுக்கோங்கோ."

வியாழக்கிழமை மூன்று பேரும் என் காரில் போனோம். மேடம் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ட்ரெட்மில்லின் ஓடும் பட்டையில் ஏறி நடந்தார். டாக்டர் வேகத்தைக் கூட்டினார். நடந்தார். இன்னும் கூட்டினார். கண்ணாடிக்கு வெளியே சார் வேர்த்து வழிய நின்றார். அதைப் பார்த்த நர்ஸ் அவரை உட்காரவைத்துப் பிரஷர் பார்த்தாள். நூற்றெண்பது.

"மேடத்துக்கு ஒண்ணுமில்லை," என்றார் டாக்டர் வெளியே வந்து. "மலைக்குப் போகலாம். இவரைத்தான் எங்கேயும் அனுப்ப முடியாது."

திரும்பி வரும்போது சார் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டார்: "பத்து நாள் எனக்குக் காபி யார் தருவா?"

"ரெண்டு வேளை காபி, மூணு வேளை சாப்பாடு, என் கடையிலேர்ந்து. உப்புக் கம்மியா," என்றேன். "சார், பெரிய பெரிய ஆபீசருக்கெல்லாம் அனுப்பறவன் நான். உங்களுக்கு அனுப்பமாட்டேனா?"

"பூணூலுக்கு ஆசீர்வாதம் போன்லயே பண்ணிடறேன்," என்றார் அவர், யாரிடம் என்று இல்லாமல்.

வெள்ளிக்கிழமை காலை சாணக்யபுரியில் அந்தச் சங்கத்து வாசலில் வேப்பமர நிழலில் நின்றோம். சாரும் வந்திருந்தார். ஜூன் மாத வெயிலில் தன் மங்கி கேப்பைக் கொண்டுவந்து, துவரம் பருப்பை ஒதுக்கிவிட்டு, மேடத்தின் பைக்குள் திணித்தார். "காதுல காத்து போகப்படாது," என்றார்.

நான் கவரை நீட்டினேன். உள்ளே ஒரு லட்சம். மேடம் வாங்கவில்லை. "எண்ணிக் குடு, ரத்தினம்," என்று உள்ளங்கையை விரித்தார்.

முதலில் ஆறு நூறு ரூபாய் நோட்டு, ஒவ்வொன்றாக. "இது கடன் மேடம்."

"மிச்சம்?"

"விலைவாசி."

அப்புறம் ஐந்நூறு ஐந்நூறாக வைத்தேன். நோட்டு எண்ணுவதில் தில்லியில் என்னை அடிக்க ஆளில்லை. ஆனாலும் நடுவில் இரண்டு தரம் தப்பிப்போய் முதலிலிருந்து எண்ணினேன். அவர் கை அசையவில்லை. கடைசி நோட்டையும் அந்தக் கையில் வைத்தேன்.