பேனலைக் கழற்றினால் வேலை செய்த பிரீஆம்ப்

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை பத்து மணிக்கு என் பிரீஆம்பின் ரிமோட் வேலை செய்யவில்லை. மாலை நான்கு மணிக்கு அதைப் பக்கத்து ஊரான ராசாவில் ஒருவர் வீட்டில் வைத்துக் காட்ட வேண்டும். நான் சொந்தமாகச் செய்த முதல் பெட்டி அது. இன்று சிரித்துக்கொண்டே எழுதுகிறேன்.

சோல்டரிங் அயர்னை இப்போதுதான் கையில் எடுத்திருக்கும் பிள்ளைகள் இதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கலாம். எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

1. வேலையை விட்ட கதை

சுங்கை காடுட்டில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் இருந்தேன். முதலில் மைக்ராஸ்கோப்புக்கு அடியில் சோல்டரிங், பிறகு டெஸ்டிங். மற்றவர்களுக்குப் பிடிபடாத போர்டுகளெல்லாம் கடைசியில் என் மேசைக்குத்தான் வரும். "கமலா பாத்தாச்சா?" என்று கேட்பார் சூப்பர்வைசர். கமலா பார்த்துவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. இந்தத் தலைக்கனத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வேலையை விட்டுவிட்டு ரஹாங்கில் எங்கள் வீட்டுப் பின்னறையில் உட்கார்ந்தேன். பழைய ஆம்ப்ளிஃபயர்களைப் பழுது பார்த்துக்கொண்டே, ஒன்றரை வருடத்தில் ஒரு லைன் பிரீஆம்பை வடிவமைத்தேன். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: ஸ்பீக்கரை உறும வைப்பது பவர் ஆம்ப்பின் வேலை. அதற்கு முன்னால் நின்று, சிடி பிளேயரா டியூனரா எது பாட வேண்டும், எவ்வளவு சத்தமாகப் பாட வேண்டும் என்று முடிவு செய்வது பிரீஆம்ப். நல்ல பிரீஆம்ப் தன் சொந்தச் சரக்கு எதையும் பாட்டில் சேர்க்காது. சும்மா இருப்பதுபோல் இருக்க வேண்டும். அப்படி ஒரு பெட்டியைச் செய்வதுதான் பெரும்பாடு.

வால்யூமுக்குச் சாதாரணக் கன்ட்ரோல் போடவில்லை. வரிசையாக ரிலேக்கள் என்னும் குட்டி மின்சுவிட்சுகள், ஒவ்வொன்றுக்கும் ரெசிஸ்டர்கள். இடது பக்கத்துக்கும் வலது பக்கத்துக்கும் ஒரு மயிரிழை வித்தியாசம் வரக்கூடாது என்று ஒவ்வொரு ரெசிஸ்டரையும் மீட்டரில் அளந்து ஜோடி சேர்த்தேன். கல்யாணத் தரகர்கூட அவ்வளவு பொருத்தம் பார்த்திருக்க மாட்டார். வால்யூமை மாற்றினால் உள்ளே மெதுவாக 'டிக், டிக்' என்று ரிலே மாறும். அந்தச் சத்தம் எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

2. பாயின் நிபந்தனை

ராசாவில் ஹாஜி பாய் என்று எல்லோரும் அழைக்கும் ஒருவர் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். கடையை மகனிடம் கொடுத்துவிட்டு, பெரிய ஸ்பீக்கர்கள் வாங்கி வைத்துக்கொண்டு பாட்டுக் கேட்பதே இப்போது அவருக்கு வேலை. இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன் ஆனவர். என் பெட்டியைப் பற்றிக் கேள்விப்பட்டு போன் செய்தார்.

"தங்கச்சி, எனக்கு ரெண்டே ரெண்டுதான். சத்தம் சுத்தமா இருக்கணும். நா நாற்காலிய விட்டு எந்திரிக்கக் கூடாது. எந்திரிக்க வெச்சா எனக்கு வேணாம்லா."

அதே வாரம் பழைய சூப்பர்வைசரும் கூப்பிட்டார். லைன் லீடர் வேலை காலி, திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றார். பாய் வேண்டாம் என்றால் நான் திரும்ப யூனிஃபார்ம் போட வேண்டியதுதான் என்று முடிவு செய்திருந்தேன். ஒருவர்கூட வாங்காத பெட்டியை வைத்துக்கொண்டு எத்தனை நாள் பின்னறையில் உட்கார்ந்திருப்பது?

3. பூஜை

என் வீட்டுக்காரர் முருகையா ரந்தாவ் பக்கத்து எஸ்டேட்டுகளில், எண்ணெய் எடுக்கும் செம்பனைப் பழம் ஏற்றும் லாரி ஓட்டுகிறார். அவர் அப்பாவும் எஸ்டேட்டில் டிராக்டர் ஓட்டியவர். அந்த வீட்டில் ஆயுத பூஜை என்றால் டிராக்டரிலிருந்து புல்வெட்டும் மெஷின்வரை எதுவும் பொட்டு இல்லாமல் இருக்கக்கூடாது. அந்தப் பழக்கம் இவருக்கும் அப்படியே வந்திருக்கிறது. அன்று லாரிக்குப் பொட்டு வைத்து முடித்துவிட்டு, சந்தனக் கிண்ணத்தோடு என் அறைக்கு வந்தார். ஆஸிலோஸ்கோப், டிரில், மீட்டர், சோல்டரிங் ஸ்டாண்ட் எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்து, மேலே குங்குமம் வைத்தார். கடைசியில் பிரீஆம்ப். அதற்குக் கொஞ்சம் கூடுதல் மரியாதை, கொஞ்சம் கூடுதல் சந்தனம். நான் கண்ணை மூடிக் கும்பிட்டேன். பாய்க்குப் பிடித்துப்போக வேண்டும் என்பதைத் தவிர வேறு எதையும் கேட்கவில்லை.

4. கமலா பார்த்தாள்

மறுநாள் காலை கடைசி டெஸ்ட். சத்தம் அருமை. ரிமோட்டை அழுத்தினால் எதுவும் நடக்கவில்லை. முந்தின நாள் வேலை செய்தது.

பேட்டரியை மாற்றினேன். போன் கேமராவில் ரிமோட்டைப் பார்த்தேன்; முனையிலுள்ள எல்இடி ஒழுங்காக மின்னியது. ஆக, கோளாறு பெட்டியில்தான். பத்து மில்லிமீட்டர் தடிமனான அலுமினிய ஃப்ரண்ட் பேனலைக் கழற்றி, பொட்டு கலைந்துவிடக் கூடாதே என்று பக்குவமாகத் துண்டின் மேல் மல்லாக்க வைத்தேன். ரிமோட்டை அழுத்தினேன். டிக், டிக், டிக். அருமையாக வேலை செய்தது.

பேனலை மாட்டினேன். செத்துவிட்டது. கழற்றினேன். உயிர் வந்தது.

இருபத்திரண்டு வருட அனுபவம் உடனே தீர்ப்பு சொன்னது: பேனல் எங்கேயோ போர்டில் இடித்து ஷார்ட் ஆகிறது. இன்சுலேஷன் டேப் ஒட்டினேன். நைலான் வாஷர் போட்டேன். ரிமோட் சிக்னலை வாங்கும் ரிசீவரின் மூன்று காலையும் மறுபடி சோல்டர் செய்தேன். மாட்டினால் சாவு, கழற்றினால் உயிர். மத்தியானம் சாப்பிடவில்லை. நான்கைந்து முறை கழற்றினேன். ஒவ்வொரு முறையும் பொட்டைக் கலைக்காமல் கழற்றினேன்.

மூன்றரைக்கு முருகையா எட்டிப் பார்த்தார். "கெளம்பலாமா?"

"ரிமோட் ஓடல. போன் பண்ணி இன்னொரு நாள் வரேன்னு சொல்லிடவா?"

"சத்தம் நல்லா இருக்கா இல்லியா?"

"நல்லா இருக்கு."

"அப்ப அத காட்டு. ஓடலன்னா ஓடலன்னு சொல்லு. பொய் சொல்லிட்டுப் போய் நிக்க வேணாம்."

அவர் சொன்னதுதான் சரி. பெட்டியைக் காரில் ஏற்றினோம்.

5. ராசாவில்

பாய் கூடத்தில் பெரிய நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒயர்களை மாட்டி, நானே குமிழைத் திருப்பி ஒரு புல்லாங்குழல் சிடியைப் போட்டேன். வாசிப்பவர் மூச்சை இழுப்பது எங்கள் நடுவில் கேட்டது. பாய் கண்ணை மூடிக்கொண்டார். பாட்டு முடியும்வரை திறக்கவே இல்லை.

"மாஷா அல்லாஹ்," என்றார். "ரிமோட் எங்கம்மா?"

பையிலிருந்து ரிமோட்டை எடுத்தேன். "பாய், மன்னிச்சிருங்க. நேத்துவரைக்கும் ஓடுச்சு. இன்னைக்கி காலையில இருந்து ஓடல. என்னான்னு கண்டுபிடிக்க முடியல."

அவர் கையை நீட்டி ரிமோட்டை வாங்கி அழுத்தினார். ஒன்றும் இல்லை. பிறகு எதை வேண்டாம் என்று சொன்னாரோ அதையே செய்தார். கைத்தடியை ஊன்றி நாற்காலியை விட்டு எழுந்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பெட்டிக்குப் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார். தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"தங்கச்சி, தப்பா நெனக்காதீங்க. உங்க சாமி விஷயம், நா சொல்லக்கூடாது. ரிமோட்டோட கண்ணு எங்க இருக்கும்? எங்க வீட்டு டிவியில கருப்பா, வட்டமா ஒன்னு இருக்கும்."

"இதுலயும் அப்படித்தான் பாய். நட்ட நடுவுல," என்று சொல்லிக்கொண்டே விரலை நீட்டினேன். விரல் நேராகப் போய்க் குங்குமத்தில் நின்றது.

பேனலின் நடுவில் ஐந்து சென் காசு அளவில் கறுப்பு ஜன்னல். அதன் பின்னால்தான் ரிசீவர். அந்த ஜன்னலை அளவெடுத்து மூடியதுபோல் சந்தனம், அதன் மேல் குங்குமம், நன்றாகக் காய்ந்து. பேனலைக் கழற்றியபோதெல்லாம் பொட்டும் அதோடு சேர்ந்து துண்டின் மேல் போய்ப் படுத்துக்கொண்டது. ரிசீவர் கண் திறந்தது. நான் ஷார்ட் தேடினேன்.

முருகையாவைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார்.

"நெத்தி மாரி இருந்துச்சு," என்றார். "வேற எங்க வெக்கிறது?"

பாய் துடைக்க மாட்டேன் என்றுவிட்டார். "நீங்க வெச்சது, நீங்கதான் எடுக்கணும்." முருகையா கைக்குட்டையை நனைத்துப் பொட்டை ஒற்றி எடுத்து, விரலில் ஒட்டிய குங்குமத்தைத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார். பாய் நாற்காலிக்குத் திரும்பிச் சாய்ந்து உட்கார்ந்து ரிமோட்டை அழுத்தினார்.

டிக். டிக். டிக். டிக்.

முதலில் பாய்தான் சிரித்தார். பிறகு நாங்கள் மூவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். தேநீர் கொண்டுவந்த அவர் மனைவி, பாட்டுக் கேட்க வந்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தபடி நின்றார்.

"வந்தவுடனே பாத்தேன்," என்றார் பாய். "டிசைனோன்னு நெனச்சேன். அப்புறம் உங்க வழக்கம்னு தெரிஞ்சிச்சு. அதான் வாயத் திறக்கல. பெட்டி இங்கயே இருக்கட்டும். என் தம்பிக்கும் ஒன்னு செய்யுங்க."

திங்கட்கிழமை சூப்பர்வைசருக்குப் போன் செய்து, வரவில்லை என்று சொன்னேன்.

6. கற்றுக்கொண்டது

உள்ளே ஒளிந்திருக்கும் ஒரு ஷார்ட்டை நான் காணாமல் இருந்திருந்தால் அதில் அதிசயமில்லை. கண்ணுக்கு நேரே இருந்த பொட்டை ஆறு மணி நேரம் காணாமல் இருந்தேன். என் அறையில் எல்லாவற்றிலும் பொட்டு இருந்தது. அதனால் எதிலும் பொட்டு தெரியவில்லை. கலையாமல் பாதுகாக்கக்கூடத் தெரிந்தது, பார்க்கத் தெரியவில்லை. முந்தின நாளுக்கும் அன்றைக்கும் நடுவில் என்ன மாறியது என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் ஐந்து நிமிட வேலை.

இப்போது எந்தப் பழுது வந்தாலும் ஸ்குரூ டிரைவரை எடுப்பதற்கு முன்னால், இந்தத் தொழிலே தெரியாத ஒருவரைக் கூப்பிட்டு, "இதுல உங்க கண்ணுக்கு என்னா தெரியுது?" என்று கேட்கிறேன். பெரும்பாலும் முருகையாதான் மாட்டுவார். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே பார்க்கிறார்.

பூஜை மட்டும் நிற்கவில்லை. என் பெட்டிகள் ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும், சீரியல் நம்பருக்குப் பக்கத்தில், ஒன்றும் எழுதாமல் ஒரு சின்ன வட்டம் விட்டிருக்கிறேன். எதற்கென்று வாங்குபவர்கள் கேட்பார்கள். கிரவுண்டிங்குக்கா என்றுகூட ஒருவர் கேட்டார். அது முருகையாவின் இடம்.