கேட்டருகே பதிந்த தாளம்

நான்கு மணிக்குள் ஆதாரம் வராவிட்டால் பாட்டை நிறுத்திவிடுவோம் என்று மின்னஞ்சல் வந்திருந்தது. பாடல்களை ஆன்லைனில் ஏற்றித் தரும் கம்பெனி அனுப்பியது. நாவலூர் அடுக்குமாடி ஒன்றில் படுக்கையறையை ஸ்டுடியோவாக்கி வைத்திருந்த ஹரிஹரன் அதை இரண்டு முறை வாசித்துக் காட்டினான். பாட்டின் தாளம் மனிதர் வாசித்ததல்ல, ஏஐ உருவாக்கியது என்று அவர்களுடைய சோதனைக் கருவி சொல்கிறதாம். மறுப்பதென்றால் அசல் பதிவையோ, தாளத்தைச் செய்த விதத்துக்கு வேறு சாட்சியோ அனுப்ப வேண்டும். அப்போது மணி இரண்டரை.

அந்தத் தாளத்தைச் செய்த ஜாக்குலின் மடியில் லேப்டாப் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கூடுவாஞ்சேரியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரிப்போர்ட் அடிப்பது அவள் வேலை. அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். பாட்டுக்கான தாளத்தை, அதாவது பீட்டை, செய்யப் பழகியது மின்சார ரயிலில். கல்லூரிக்குப் போய்வந்த மூன்று வருடமும் ஜன்னலோரம் உட்கார்ந்து, செல்போன் ஆப்பில் கட்டம் கட்டமாகத் தட்டிக்கொண்டே வருவாள். பிறகு ஒரு பழைய லேப்டாப் வாங்கினாள். செய்ததையெல்லாம் யூடியூபில் போட்டுவைப்பாள். பாடுகிறவர்கள் பிடித்ததை வாடகைக்கு எடுத்துப் பாடிக்கொள்வார்கள். இப்படி நூறு பீட்டுக்கு மேல் ஆகிவிட்டது. ஒரு பாட்டில்கூட அவள் பெயர் வந்ததில்லை. கால் டாக்ஸி ஓட்டிக்கொண்டே ராப் பாடும் கார்த்திதான் முதல்முதலாக ‘இசை: ஜாக்குலின்’ என்று போட ஒப்புக்கொண்டவன். முட்டுக்காட்டில் படகில் வைத்து வீடியோவும் எடுத்தாயிற்று. வெள்ளிக்கிழமை ரிலீஸ்.

“இன்னா ஜாக்கு, உண்மையச் சொல்லிடு. மெஷினாண்ட கேட்டு வாங்கினியா?” என்றான் எதிரே உட்கார்ந்திருந்த கார்த்தி.

“இல்ல.”

“அப்ப ஒரிஜினலக் காட்டேன். வாய்ல முட்டாயா வெச்சிகினு கீற?”

ஹரிஹரன் அவனை அடக்கினான். இந்தக் காலத்தில் ஏஐ கருவி எதையும் தொடாமல் யாரும் வேலை செய்வதில்லை, நானும் குரலைத் தனியே பிரிக்க அதைத்தான் நம்பியிருக்கிறேன் என்றான். பிறகு, சத்தம் நீக்கும் கருவி எதையாவது போட்டாயா என்று கேட்டான். அவள் ஆமென்று தலையசைத்தாள். செல்போனில் பதிந்த டோலக் அது. சுற்றிலும் ஆட்கள் பேசும் சத்தம் இருந்ததால் இணையத்திலுள்ள இலவசக் கருவி ஒன்றில் போட்டுச் சுத்தம் செய்தாள். ஒரு தடவையோடு விடவில்லை, நான்கு தடவை. இருமல், நாய்க்குரைப்பு, செருப்புச் சத்தம் எதுவும் மிஞ்சாதபடி.

“அவ்ளோ தொடச்சா மெஷின்னுதாம்மா நினைக்கும்” என்று ஹரிஹரன் நெற்றியைத் தேய்த்தான். “மொதப் பதிவு இருக்கா?”

இருந்தது. செல்போனில் ஓரமாகக் கிடந்தது. எத்தனையோ முறை அழிக்கப் போய், அழிக்காமல் விட்ட பதிவு.

போன டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் பாடப் போகும் கேரல் ரவுண்ட்ஸின்போது எடுத்தது. அவளுடைய அப்பா ஏசுதாஸ் பெயிண்டர். சர்ச் பாடகர் குழுவில் டோலக் அவருடையது. சபைக்காரர்கள் வீடுகளை முடித்துவிட்டுத் திரும்பும்போது, தான் சுண்ணாம்பு அடித்துக் கொடுத்த ஒரு பெரிய விவசாயி வீட்டிலும் பாடிவிட்டுப் போகலாம் என்று அவர்தான் ஆசையாக எல்லோரையும் கூட்டிப்போனார்.

மணி மூன்றானது. அவள் போனை எடுத்துப் பதிவை ஓடவிட்டாள்.

நாய் குரைத்தது. யாரோ கனைத்தார்கள். அங்கேயே நில்லுங்கள் என்று உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் வந்தது. அதன்பின் ஏசுதாஸின் குரல், வீட்டில் அவள் ஒருநாளும் கேட்டிராத அளவுக்குத் தணிந்து வந்தது.

“உள்ள வரலம்மா. கேட்டாண்டயே நின்னு ஒரு பாட்டு பாடிட்டுப் பூட்றோம்.”

டோலக் தொடங்கியது. முதலில் நிதானமாக, பாதிக்கு மேல் மெல்ல மெல்ல வேகம் பிடித்து. அந்த வேகத்துக்காகத்தான் கார்த்தி இந்த பீட்டை எடுத்தான். கேட்டவர்கள் எல்லோரும் அதைத்தான் புகழ்ந்து எழுதினார்கள். அந்த கேட்டை விட்டு அப்பா சீக்கிரம் கிளம்பப் பார்த்தார் என்பது அவளுக்கு மட்டும் தெரியும்.

பதிவு முடிந்தது. கார்த்தி நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“அண்ணாத்த, இந்தக் கொரல அப்டியே பாட்டு மொதல்ல வெச்சா எப்டி கீது? கேக்கறவன் கதிகலங்கிடுவான்.”

அவன் சொன்னது பொய்யில்லை. அவளே ஒருமுறை அப்படி வைத்துக் கேட்டு, உடல் சிலிர்த்து, உடனே நிறுத்தியிருக்கிறாள்.

“வேணாம்.”

“ஏன், யாரு அது?”

“எங்கப்பா.”

அப்படியென்றால் இன்னும் நல்லதுதானே, அவர் பெயரையும் போட்டுவிடலாமே என்றான் கார்த்தி, தணிந்த குரலில்.

“ஊரு கேக்கணும்னு அவரு அதப் பேசல” என்றாள்.

ஹரிஹரன் கடிகாரத்தைப் பார்த்தான். பதிவை அப்படியே அனுப்புவதுதான் நிச்சயமான வழி என்றான். கொடுத்தால் இரண்டு நிமிட வேலை. ஆனால் கொடுத்துவிட்டால் அது இந்த அறையிலும் இருக்கும், கம்பெனியிலும் இருக்கும். ஜாக்குலின் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டாள். இந்தப் பதிவிலிருந்து தாளத்தை மறுபடி முதலிலிருந்து செய்து, சத்தத்தை அணைத்துவிட்டுத் திரையை மட்டும் பதிந்து அனுப்பினால் செல்லுமா என்று கேட்டாள். ஒலி அலைகள் பாட்டோடு பொருந்துவது கண்ணுக்கே தெரியும். செல்லலாம், ஆனால் நேரமில்லையே என்றான் அவன்.

“ஒரு ஃபைலுக்கு இம்மாம் வீம்பா?” என்றான் கார்த்தி. “பாட்டு போச்சுன்னா உன் பேரும் போச்சு, தெரிஞ்சிக்கோ.”

“தெரியும்.”

லேப்டாப்பைத் திறந்து, திரையைப் பதிவதை முடுக்கிவிட்டாள். நெட் நத்தையாக ஊர்ந்தது. மூன்று இருபத்தைந்துக்குத்தான் பதிவு கருவிக்குள் ஏறியது. குரல் ஒரு கோடாகவும் டோலக் இன்னொரு கோடாகவும் பிரிந்தன. அப்பாவின் பேச்சு மேலே சின்னப் புடைப்பாகத் தெரிந்தது. அதை ஒதுக்கிவிட்டு டோலக்கை மட்டும் மறுபடி உள்ளே தள்ளினாள். இரண்டாம் தடவை. மூன்றாம் தடவை பாதியில் நின்றுபோனது. ஹரிஹரன் தன் செல்போன் நெட்டைக் கொடுத்தான். கார்த்தி எழுந்து பால்கனிக்குப் போய், அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். நான்காம் தடவை முடிந்தபோது மூன்று ஐம்பத்திரண்டு. டோலக்கைப் பாட்டின் கீழே இழுத்துவைத்தாள். மேடும் பள்ளமும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்தன. வேகம் பிடிக்கும் இடமும் பிசகவில்லை. வீடியோ போய்ச் சேர்ந்தது மூன்று ஐம்பத்தெட்டுக்கு.

பதில் வர நாற்பது நிமிடம் ஆனது. மூவரும் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கடைசியில் ஹரிஹரன் ஒரே ஒரு வரியை வாசித்தான்: ஆதாரம் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

பெயர்ப் பட்டியலைத் திறந்து அவள் பெயரை அடித்தான். வாத்தியக்காரர்களுக்கு இடம் இருக்கிறதா என்று அவள் கேட்டாள். இருக்கிறது என்றதும், டோலக், ஏசுதாஸ் என்று சொன்னாள்.

கார்த்தி பால்கனிக் கதவருகே நின்றான்.

“பேரு எப்டி வந்துச்சுன்னு உங்க நைனா கேட்டா இன்னா சொல்லுவ?”

“உன் டோலக்க எடுத்துக்கினேன்னு சொல்லுவேன்.”

“எங்க அடிச்சதுன்னு கேட்டா?”

ஜாக்குலின் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். சுருட்டியதைப் பைக்குள் வைத்தாள்.

“கேக்க மாட்டாரு” என்றாள். “மொத அடியிலயே அவருக்குத் தெரிஞ்சிடும்.”