யாருடைய பிழை என்று கேட்காத சட்டம்

என் மனுசனுடைய வலக்கை மா குழைக்கிற மெஷினுக்குள் அகப்பட்டது இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து சில வருடத்தில். அதே நேரம் மூத்தவளுக்குப் பள்ளிக்கூடத்தில் சரித்திரப் பாடம் பெரிய தலையிடி. எனக்கு இரண்டும் தலையிடி.

இவர் வேலை செய்தது எங்கட கோயில்காரர் ஒருவருடைய பேக்கரியில். வெறும் கோயில்காரர் இல்லை, சின்னவனை ஞானஸ்நானத்தில் கையில் ஏந்திய ஞானத்தகப்பன். பிள்ளைகள் தொட்டப்பா என்று கூப்பிடுவார்கள். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் இவருக்கு வேலை கொடுத்த மனிதர், அந்த நன்றி எனக்கும் உண்டு. ஆனால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது, "கார்க்கதவுக்குள்ள நசிஞ்சது எண்டு சொல்லும், இல்லாட்டி கடைக்கு இன்ஸ்பெக்டர்மார் வந்திடுவினம்" என்று சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். இவரும் கிளிப்பிள்ளை மாதிரி அப்படியே சொல்லிவிட்டு வந்தார்.

இரண்டு விரல் மடங்கவில்லை. வேலை இல்லை, சம்பளமும் இல்லை. தொட்டப்பா மட்டும் ஞாயிறு தவறாமல் பியர்பொன்ட்ஸில் இருக்கிற எங்கட வீட்டுக்குத் திராட்சைப்பழத்தோடு வருவார். அருள்நிறைந்த மரியே செபம் ஒன்று சொல்லுவார். "அந்தோனியார் பாத்துக்கொள்ளுவார், தம்பி" என்று தட்டிவிட்டுப் போவார். அந்தோனியாருக்குச் செவ்வாய்தோறும் மெழுகுதிரி கொளுத்துகிறவள் நான். அவருடைய தலையில் இதையும் கட்டிவிட்டார்களே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் நான் சமைக்கும்போது மூத்தவள் குசினிக்குள் புத்தகத்தோடு வந்தாள்.

"அம்மா, நூறு வருசத்துக்கு முந்தி அரசாங்கங்கள் தொழிலாளருக்கு, வயசுபோன ஆக்களுக்கு எல்லாம் புதுச் சட்டங்கள் கொண்டு வந்ததாம். அதால உண்மையா பலன் இருந்ததோ எண்டு எழுதவேணும்."

"கொப்பரைக் கேள்" என்றேன்.

அப்பாவுக்கு அவளே விளங்கப்படுத்தினாள். முந்தி வேலையில் அடிபட்டவன் முதலாளியின் பிழை என்று கோர்ட்டில் நிரூபிக்கவேண்டும். புதுச் சட்டம் யாருடைய பிழை என்று கேட்பதே இல்லை. வேலையில் அடிபட்டதா, அது போதும், நட்டஈடு உண்டு. இங்கே கியூபெக்கிலும் அப்படித்தான்.

"கேட்டியளே? தொட்டப்பாவில ஒரு குற்றமும் சொல்லத் தேவையில்லையாம்" என்றேன்.

"சட்டம் கேக்காது. கோயில்ல கேப்பினம்."

"கேக்கட்டும். கேக்கிற ஆக்கள் வந்து விரலை மடக்கித் தருவினமே?"

"இஞ்சரும், பிள்ளையைக் கையில ஏந்தின மனுசனுக்கு எதிரா நான் நட்டஈட்டுப் பத்திரத்தில கையெழுத்து வைக்கமாட்டன்."

"எந்தக் கையால வைக்கிறதா யோசினை?"

மூத்தவள் சிரித்துவிட்டாள். இவர் எழும்பிப் போய்விட்டார். நூறு வருடமாக இருக்கிற சட்டம், எங்கட வீட்டுக் குசினி வாசலைத் தாண்டி உள்ளே வர முடியாமல் நின்றது.

அடுத்த கிழமை நோத்ர-டாம்-த-கிரேஸில் டொக்டரிடம் போனோம். எங்களுக்குப் பிரெஞ்சு மட்டுமட்டு, மூத்தவள்தான் மொழிபெயர்ப்பாள். இது எப்படி நடந்தது என்று டொக்டர் திரும்பவும் கேட்டார். காயத்தைப் பார்த்தால் கார்க்கதவு மாதிரி இல்லையாம்.

"கார்க்கதவு எண்டே சொல்லு" என்றார் இவர்.

அவள் மெதுவாக, "நீங்களே சொல்லுங்கோ அப்பா. நான் உறுதிபூசுதலுக்குப் படிக்கிறன், பொய் சொல்லேலாது" என்றாள்.

இவர் நிலத்தைப் பார்த்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது. வேலை என்பதற்குப் பிரெஞ்சில் எனக்குத் தெரிந்த ஒரே சொல், "த்ரவாய்". இவருடைய கையைத் தூக்கிக் காட்டி அதை இரண்டுதரம் சொன்னேன். டொக்டர் பேனையை வைத்துவிட்டு எங்கள் மூவரையும் பார்த்தார். அதன் பிறகு மகள் மடமடவென்று எல்லாம் சொன்னாள். இவர் மறிக்கவில்லை. பிறகு பத்திரத்தில் கையெழுத்தும் வைத்தார்.

கொஞ்சம் இழுபட்டுத்தான் நட்டஈட்டுக் காசு வந்தது. விரல்களுக்குப் பயிற்சியும் கிடைத்தது. தொட்டப்பாவின் திராட்சைப்பழம் நின்றுபோனது. இவர் கோயிலில் கடைசி வரிசை வாங்கில் போய் இருக்கத் தொடங்கினார்.

உயிர்த்த ஞாயிறு பூசைக்குப் பிறகு, கோயில் மண்டபத்தில் தேத்தண்ணி. நாலுபேருக்கு நடுவில் தொட்டப்பா இவருடைய தோளில் கைபோட்டுக்கொண்டு சொல்கிறார்:

"தம்பிக்கு அரசாங்கக் காசு எல்லாம் எடுத்துக் குடுத்தது நான்தான். எங்கட ஆக்களுக்கு நாங்கள் செய்யாட்டி ஆர் செய்யிறது?"

"ஓம் அண்ணை, ஓம்" என்று இவர் தலையாட்டுகிறார். முகமெல்லாம் சந்தோசம்.

கர்த்தரே, எனக்கு வந்த கோபம்! மூத்தவள் என் சீலைத் தலைப்பைப் பிடித்து, "அம்மா, இண்டைக்கு உயிர்த்த ஞாயிறு" என்றாள். வாயில் வந்ததைத் தேத்தண்ணியோடு விழுங்கினேன். இவருடைய கோப்பை கொஞ்சம் ஆடியது. ஆனால் விரல் மடங்காமல் கிடந்த அந்த வலக்கைதான் அதைப் பிடித்திருந்தது.