தார்ப்பாயின் நான்காம் மூலை

சூளையில் அடுக்குகிறவனுக்கு அவசரம் ஆகாது. அடுக்கும்போது அவசரப்பட்டால் சரியும், திறக்கும்போது அவசரப்பட்டால் வெடித்துப்போகும். விருத்தாசலம் செராமிக் பேட்டையில் தர்மராஜ் பாதி ஆயுசை இந்த நிதானத்திலேயே கழித்துவிட்டான். அதனாலோ என்னவோ, வேகமாக ஓடுகிற எதைக் கண்டாலும் அவனுக்குப் பித்து. ஆனால் சொந்தத்துக்கு இருப்பது ஒரு பழைய டிவிஎஸ். ஏற்றம் வந்தால் இறங்கித் தள்ள வேண்டும்.

பெண்ணாடத்துக்கு அந்தாண்டை, கரும்பு வெட்டிய கொல்லையில் சனி ஞாயிறு கார் ரேலி என்று சஹீர் வந்து சொன்னதும் தர்மராஜுக்குக் கால் தரையில் பாவவில்லை. சஹீர் மங்கலம்பேட்டைக்காரன். துபாயில் பாலைவனத்தில் ஓடும் கார்களுக்கு ஸ்பேனர் பிடித்துவிட்டு வந்து, இங்கே பைபாஸ் ஓரம் ஷெட் போட்டிருந்தான்.

"மணல்ல ஓடிப் பாத்திருக்கேண்ணே, கரும்புக் கொல்லையில பாத்ததில்ல. வாங்க, நம்ம லோடு வண்டியிலயே போவோம். ஒதுங்க ஒரு மரம் கெடையாதாம். நெழலுக்கு எதுனா எடுத்துக்குங்க."

நிழலுக்கு என்று தேடியதில்தான் வினை பிடித்தது.

தர்மராஜின் பெண்டாட்டி ஆதிலட்சுமி, பல வருஷமாக அடுத்தவர் கம்பெனியில் பொம்மைக்குப் பிசிறு தேய்ப்பவள். இந்த வருஷம்தான் துணிந்து தனக்கென்று அச்சு வாங்கி, வேலை நேரம் போக, வீட்டு வாசலில் யானை வார்க்கத் தொடங்கியிருந்தாள். தும்பிக்கையை மட்டும் கையால் உருட்டி ஒட்டுவாள். ஒரு யானை கும்பிடும், ஒரு யானை முதுகு சொறியும், ஒன்று பக்கத்து யானையைச் சீண்டும். திங்கட்கிழமை பொதுச் சூளையில் அவள் பேருக்கு முதன்முதலாக இடம் கிடைத்திருந்தது. தவறவிட்டால் அடுத்த இடம் எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது. என் வீட்டு யானையை என் கையாலேயே அடுக்கப்போறேன் என்று தர்மராஜ் டீக்கடை வரைக்கும் சொல்லிவைத்திருந்தான்.

சுடாத பொம்மை வெறும் மண். தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். அதனால் ராத்திரியில் தார்ப்பாய் போர்த்தி நான்கு மூலைக்கும் கல் வைப்பார்கள். விடிந்ததும் அதை எடுத்து மடித்துச் சுவரோரம் வைப்பது தர்மராஜின் வேலை. சனிக்கிழமையும் எடுத்தான், மடித்தான். சுவரோரம் வைக்கவில்லை. கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டான். பங்குனி வெயிலில் மழையா வந்துவிடப்போகிறது? இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம்.

"புளிசோறு எடுத்துக்கினியா?" என்று அவள் உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "நல்லா பாத்துட்டு வாய்யா. எப்பப் பாரு அந்த அனல்லயே கெடந்து வேகுற."

கொல்லையில் இரண்டு கார்தான் சீறிக்கொண்டு போயிருக்கும். மேற்கே வானம் அடுப்புக்கரியாகக் கறுத்தது. காற்று புழுதியைக் கிளப்பி அடங்குவதற்குள் மழை கொட்டிவிட்டது. மூன்றாவது கார் சக்கரம் முழுக்கச் சேற்றில் இறங்கி உட்கார்ந்துகொண்டது. கரும்பு ஏற்றுகிற டிராக்டர் வந்து அதை இழுத்துப் போட்டதும் கூட்டத்தில் விசில் பறந்தது.

"இன்னிக்குக் கப்பு நம்ம டிராக்டருக்குத்தான்டா!"

தர்மராஜும் சஹீரும் தார்ப்பாயைத் தலைக்கு மேல் பிடித்தார்கள். அக்கம்பக்கத்தில் நின்றவர்களும் உள்ளே நுழைந்தார்கள். "நல்லாயிருப்பீங்கண்ணே. நீங்க மட்டும் இத எடுத்தாரலன்னா நாங்கள்லாம் நனைஞ்ச கோழிதான்" என்று ஒருவர் மனசார வாழ்த்தினார். தார்ப்பாய்மேல் மழை அறைகிற ஒவ்வொரு அறையும் தர்மராஜுக்குத் தன் கன்னத்தில் விழுவதுபோல் இருந்தது. மேகம் கிழக்கே நகர்ந்தது. கிழக்கே போனால் விருத்தாசலம்தான்.

போனை எடுத்து அவள் பேரை அழுத்தினான். யானையை உள்ளே எடு என்றால், எதுக்கு எடுக்கணும், தார்ப்பாயைப் போட்டுக்கிறேன் என்பாள். தார்ப்பாய் எங்கே என்பாள். ஒரு ரிங் போனதும் கட் பண்ணிவிட்டான். ஊரில் பெய்யாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

சஹீரின் வண்டியும் சேற்றில் மாட்டிக்கொண்டது. ராத்திரி வண்டிக்குள்ளேயே கழிந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம், அன்றைய ஓட்டமும் ரத்து என்று மைக்கில் கத்திக்கொண்டிருக்கும்போதுதான் டிராக்டர் இவர்கள் பக்கம் வந்தது. தார்ப்பாயை சஹீர் ஷெட்டில் போட்டுவிட்டு, தர்மராஜ் வெறுங்கையோடு வீட்டுக்கு நடந்தான்.

வாசலில் பலகைகள் வரிசையாகக் கிடந்தன. கால் கரைந்த யானைகள் வயிற்றால் படுத்திருந்தன. பின்வரிசையில் யானையே இல்லை, சாம்பல் நிறத்தில் மேடு மேடாக மண். முதலில் செய்த யானைக்கு அவள் வைத்திருந்த குங்குமம் பலகையோரம் சிவப்பாக வழிந்து காய்ந்திருந்தது. உருப்படியாகப் பிழைத்தது ஒரே ஒரு பலகைதான். ஆதிலட்சுமி கரைந்ததை வழித்துத் தொட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"தார்பாயி களவு போயிட்டுது. கம்பெனியிலேருந்து ஓட்டமா ஓடியாந்தேன். செவுத்தோரம் கல்லுதான் கெடக்குது" என்றாள், தலை நிமிராமல். "பானுமதிதான். போன வாரம் இரவலு கேட்டா, நான் தரல. தெருவே வேடிக்கை பாக்க அவளக் கிழிச்சுட்டேன். ஒரு கல்லயும் எடுத்து வீசிட்டேன். அவ வேலிக்குள்ள கெடக்குது."

பானுமதி பக்கத்து வீட்டுக்காரி. கதவைச் சாத்தியிருந்தாள். பகலில் அந்தக் கதவு சாத்தி தர்மராஜ் பார்த்ததில்லை.

தோ வரேன் என்று மறுபடி பைபாஸுக்குப் போனான். சங்கதியைக் கேட்ட சஹீர் தலையைச் சொறிந்தான்.

"இதுக்கா இப்புடி இருக்கீங்க? கருவேல முள்ளுல மாட்டி வுட்டுடுங்கண்ணே. காத்து தூக்கிட்டுப் போச்சுன்னு ஆயிடும். அந்தம்மா மேல இருக்குற பழியும் போயிடும், உங்க மேலயும் வராது."

யோசனை நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்குப் பின்னால் கருவேலங்காட்டில் தார்ப்பாயை உதறி முள்ளில் போட்டும்விட்டான். சேறு அப்பிக்கொண்டு, யாரோ தூக்கில் தொங்குகிற மாதிரி அது தொங்கியது. பார்க்கச் சகிக்கவில்லை. நல்லா பாத்துட்டு வாய்யா என்று அவள் சொல்லி அனுப்பியது காதிலேயே இருந்தது. பிடுங்கி எடுத்தான். ஒரு ஓரம் டர்ரென்று கிழிந்தது.

பானுமதி வீட்டுக் கதவைத் தட்டினான். திறந்தவள் தார்ப்பாயையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நான்தான் எடுத்துட்டுப் போனேன்" என்றான், தெருவுக்கே கேட்கிற குரலில். அதைவிட மெதுவாகச் சொல்ல அவனுக்கு வரவில்லை. "காரு பாக்கப் போனேன். நீ எடுக்கல."

"நேத்தே சொன்னேனே! உன் வூட்டுக்காரனக் கேளுடின்னு!" பானுமதி ஆதிலட்சுமி பக்கம் திரும்பிக் கத்தினாள். "கேட்டியா நீ? எந்தப் புருசன்டி அப்புடிச் செய்வான், உனக்குத்தான் களவாணிப் புத்தின்னு ஏசினியே!" பிறகு தர்மராஜிடம், "காராவது ஓடுச்சா?"

"ரெண்டு ஓடுச்சு."

"வெளங்கும்!" கதவு அறைந்து சாத்தப்பட்டது.

ஆதிலட்சுமி தொட்டியிலிருந்து கையை எடுக்கவில்லை. மண்ணைப் பார்த்தே சொன்னாள்: "அவ அப்புடிச் சொன்னதுக்குத்தான்யா அந்தக் கல்ல வீசினேன். என் வூட்டு ஆளு அப்புடிச் செய்யாதுன்னு."

நாலு அறை அறைந்திருந்தால் தாங்கியிருப்பான்.

சாயங்காலம் மறுபடி இருட்டிக்கொண்டு வந்தது. பிழைத்த பலகையைத் தூக்க முடியாது. ஈரம் ஏறி, தொட்டால் காது கழன்று வந்தது. வீட்டுக்குள்ளும் நேற்றே ஒழுகியிருந்தது. இருவரும் தார்ப்பாயை விரித்தார்கள். மூன்று மூலைக்குக் கல் இருந்தது. நான்காவது மூலை காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டது.

"கல்லு அவ வேலிக்குள்ள இருக்குது. எந்த மொகத்த வெச்சிக்கினு போயி கேக்குறது?" என்றாள். "நீ குந்து."

தர்மராஜ் அந்த மூலையின் கிழிந்த ஓரத்தின்மேல் சப்பணம் போட்டு உட்கார்ந்தான். முதல் துளி மொட்டை மண்டையில் விழுந்தது.

"நேத்து ஒரு ரிங்கு வுட்டுட்டு வெச்சிட்டியே, எதுக்கு?"

கை தவறிப் பட்டுவிட்டது என்று சொல்லலாம். டவர் இல்லை என்று சொல்லலாம்.

"அங்க மழ புடிச்சிட்டுது. சொல்லத்தான் அடிச்சேன். தார்பாயி எங்கன்னு கேப்பியேன்னு வெச்சிட்டேன்."

அவள் அவனையே பார்த்தாள். தொட்டியில் கிடந்த மண்ணைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள். குடை எடுத்து வருவாள் என்று அவன் நினைக்கவில்லை. அவளும் எடுத்து வரவில்லை.

மழை வலுத்தது. தொடைக்குக் கீழே தார்ப்பாய் திமிறியது. தர்மராஜ் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அசையாமல் நனைந்தான்.