வில்லுக்கு ஒரு பொட்டு

அடுப்பில் கடுகு வெடிக்கிற சத்தம் கேட்டதும் பேரின்பநாதன் வேட்டைச் சட்டையை அள்ளிக்கொண்டு பல்கனிக்கு ஓடுகிறார். கியூபெக்கில், லாசாலில் மூன்றாம் மாடி வீடு அது. இலை நிறச் சட்டையும் காற்சட்டையும் புரட்டாசி முழுக்க வெளிக்கொடியில்தான் தொங்கும். "உங்கடை மானுக்கு என்ரை குழம்பு மணக்குதாமோ? குடுத்துவைச்ச மான்!" என்று உள்ளேயிருந்து மனைவி குணேஸ்வரி நையாண்டி பண்ணுகிறாள். "மானுக்கு மூக்குத்தானப்பா கண்," என்கிறார் இவர். ஒவ்வொரு வருடமும் இதே கேள்வி, இதே பதில்.

பாண் தொழிற்சாலையில் பாரந்தூக்கி ஓட்டுகிறவர் அவர். அங்கே கூட வேலைசெய்த ஜீல் என்ற கியூபெக்காரர்தான் முதலில் காட்டுக்குக் கூட்டிப்போனார். ஜீல் பிறகு வேலையை விட்டுவிட்டு, புரோசார்ட் ஊருக்கு அப்பால் ஒரு வில்லுக்கடை திறந்தார். பேரின்பநாதன் வேலையை விடவில்லை, வேட்டையையும் விடவில்லை. வேட்டைக் கிழமையில் வாசமில்லாத சவர்க்காரத்தில் குளிப்பார், வாசமில்லாமல் சாப்பிடுவார். திருநீறு பூசுவார், சந்தனம் மட்டும் நெற்றிப் பக்கம் வரவிடமாட்டார். "அது ஊருக்கே மணக்கும்," என்பார்.

அவருடைய வில்லில் எல்லாவற்றுக்கும் அவர் வைத்த பெயர்கள் உண்டு. பிடிக்கு மேலே அம்பு சாய்ந்திருக்கும் சின்ன உறுப்பு, அதாவது அம்பு தாங்கி, அவருக்கு வெறும் 'தும்பு'. கறுப்புத் தும்புகளை வட்டமாக அடுக்கி நடுவில் துளைவிட்ட சாமான் அது. அம்பைத் துளைக்குள் செருகிவிட்டால் காட்டுப் பரணில் குளிரில் கை நடுங்கினாலும் அம்பு விழாது. "தும்பு ஒரு நாளும் ஆளை விடாது," என்று சத்தியம் பண்ணுவார். போன வருடம் விட்டுவிட்டது.

நடந்தது இதுதான். ஆரம்பத்தில் குணேஸ்வரி இந்த வேட்டைக்கு ஒத்துக்கொள்ளவேயில்லை. "ஒரு வாயில்லாச் சீவனை!" என்று முதல் வருடம் முழுக்க முகத்தைத் தூக்கிவைத்திருந்தாள். கொண்டுவந்த இறைச்சியைத் தொடவும் மாட்டேன் என்றவள், இரண்டாம் வருடம் வறை போட்டாள். போன நவராத்திரியில் ஆயுத பூசைக்குத் தன் தையல் மெசினைத் துடைத்துவைத்தவள், சொல்லாமல் கொள்ளாமல் போய் அவருடைய வில்லையும் தூக்கிவந்து பக்கத்தில் வைத்தாள். பேரின்பநாதனுக்குத் தலைகால் புரியாத சந்தோசம். அந்த மனுசி வாயால் சொல்லாத சம்மதம் அல்லவா அது!

அவளுக்கு வட்டமாக எதைக் கண்டாலும் அதுதான் முகம். மெசினின் சக்கரம், சோறு அவிக்கிற பானையின் மூடி, காரின் ஸ்டியரிங் நடு, எல்லாவற்றுக்கும் பொட்டு விழும். வில்லில் வட்டமாக முதலில் கண்ணில் பட்டது தும்புதான். குளிரக் குளிரச் சந்தனத்தைக் குழைத்து அங்கேயே அப்பி, மேலே குங்குமமும் வைத்தாள். விஜயதசமி கழிந்து இவர் விடியமுதல் காட்டுக்குப் போனார். சந்தனம் தும்புக்குள் இறங்கிச் சீமெந்தாய் இறுகியிருந்தது இருட்டில் தெரியவில்லை. விடிந்ததும் கொம்பு மான் ஒன்று வந்து பக்கவாட்டில் நின்றது. விட்ட அம்பு இறகு கிழிந்து கோணிப்போய் ஒரு பிர்ச் மரத்தில் குத்தியது. மான் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் ஓடியது.

மான் தப்பியதில் அவருக்குத் துக்கமில்லை. அம்பு ஒரு முழம் இந்தப்பக்கம் வந்திருந்தால் வயிற்றில் பட்டிருக்கும். குடல் காயத்தோடு ஓடி, எங்கேயோ பற்றைக்குள் கிடந்து சாகிற மானை நினைத்தால் இன்றைக்கும் அவருக்குச் சாப்பாடு இறங்காது. வீட்டுக்கு வந்து, சந்தனத்தின் பேச்சை எடுக்காமல், "காத்து இழுத்துப்போட்டுது," என்றார். குணேஸ்வரி யோசித்துவிட்டு, "நான் பொட்டு வடிவா வைக்கேல்லைப் போல. வாற முறை வடிவா வைச்சுவிடுறன்," என்றாள்.

அவளிடம் வைக்காதே என்று சொல்ல வாய் வராது. மணத்தாலும், வைத்த பொட்டைக் கழுவ மனம் வராது. ஆக, மாற வேண்டியது தாங்கிதான்.

இந்த ஆவணியில் ஜீலின் கடைக்குப் போய் முழுக் கதையையும் தன் பாதிப் பிரெஞ்சில் சொன்னார். ஜீல் தலையில் கைவைத்து, அந்த ஊர்க்காரருக்கே உரிய, தேவாலயச் சாமான்களின் பேரில் திட்டுகிற வசவு ஒன்றை மெல்ல உதிர்த்தார். பிறகு விழுகிற தாங்கிகளை எடுத்துப் பரப்பினார். அதில் தும்பு இல்லை, ஒரு சின்னக் கவைதான். நாணை இழுக்கும்போது எழும்பி அம்பைத் தூக்கும்; விட்டதும் தலைகுனிந்து வழிவிடும். "அட, இது கும்பிடுதெல்லோ!" என்று பேரின்பநாதனுக்கு ஒரே புளுகமும் சந்தோசமும். ஆனால் குளிரில் கை நடுங்கினால் அம்பு சறுக்கிவிடலாம், கவையை இழுக்கிற கயிறு பனியில் விறைக்கலாம் என்று ஜீல் எச்சரித்தார். தும்பைப்போல ஆளைத் தாங்காது.

பேரின்பநாதன் முதலில் ஜீல் புகழ்ந்த தாங்கியை எடுத்தார். கண்ணைச் சுருக்கிக் குணேஸ்வரியின் கண்ணால் பார்த்தார். வட்டமான இடம் கவை திரும்புகிற அச்சிலேயே இருந்தது. "இதுக்கை சந்தனம் போனா முடிஞ்சுது," என்று கீழே வைத்துவிட்டார். அடுத்ததில் வட்டமே இல்லை. வட்டம் இல்லையென்றால் அவள் எங்கே வைப்பாள் என்று ஆண்டவனுக்கே தெரியாது, அதையும் திருப்பி வைத்தார். மூன்றாவதில் வெளிப்பக்கத்தில், ஆடாத அசையாத தகட்டின்மேல், ஐம்பது சத நாணயக் குற்றியளவில் ஒரு வட்ட மூடி. "அது கொஞ்சம் சத்தம் போடும்," என்றார் ஜீல். "சத்தத்துக்குத் துணி ஒட்டலாம்," என்று இவர் சட்டைப்பையிலிருந்து ஒரு சிமிழை எடுத்தார். உள்ளே குழைத்த சந்தனம்! வீட்டுச் சாமித்தட்டிலிருந்து களவாய்க் கொண்டுவந்தது. மூடியில் தாராளமாக அப்பி, கடையின் பின்னாலிருந்த பயிற்சித் திடலில் நின்று எய்து பார்த்தார். அம்பு நேரே போய் நடுவில் குத்தியது. திரும்ப எய்தார். அதுவும் நடுவில்தான்.

"பியான்! நல்லது, கடவுள் ஒத்துக்கொண்டார்," என்றார் ஜீல்.

"கடவுள் எப்பவோ ஓமெண்டவர். மனுசிதான் மிச்சம்."

இந்த நவராத்திரி நவமியன்று வில் மறுபடி தையல் மெசினுக்குப் பக்கத்தில் ஏறியது. பேரின்பநாதன் வேட்டியும் திருநீறுமாக, வட்ட மூடி நன்றாக வெளியே தெரியும்படி திருப்பிவைத்துவிட்டு நின்றார். குணேஸ்வரி சந்தனக் கிண்ணத்தோடு வந்து குனிந்து பார்த்தாள்.

"எங்கை, அந்தக் கறுப்பு முகத்தைக் காணேல்லை?"

"அது பழசப்பா. இதுதான் இப்ப முகம்."

அவள் விரலால் மூடியைத் தடவிப் பார்த்தாள். "இதுவும் வடிவாத்தான் கிடக்கு," என்று சொல்லி, போன வருடத்துக்கும் சேர்த்து வைப்பதுபோலத் தடிப்பாய் ஒரு பொட்டும் அதன்மேல் குங்குமமும் வைத்தாள். பேரின்பநாதனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

விரல் நுனியில் இன்னும் கொஞ்சம் சந்தனம் மிச்சம். சாமிக்கு வைத்ததை வீணாக்குகிற பழக்கம் அவளுக்கில்லை. வில்லில் வேறெங்கே வட்டம் இருக்கிறதென்று தேடினாள். குறிபார்க்கிற சின்ன வட்டக் கண்ணாடி பளபளத்துக்கொண்டிருந்தது. விரல் அதை நோக்கிப் போனது.

பேரின்பநாதன் சட்டென்று குனிந்து, தன் நெற்றியை அந்த விரலுக்குக் கீழே கொடுத்தார்.